காணாமல் போன ஆறு மீட்டர்

முப்பதாம் தேதி காலை பத்தரை மணிக்குத் தொன்மை வாகன மாற்ற அனுமதி வாரியத்தின் கூட்ட அறையில் இருந்தவர்கள்:

வாரியத் தலைவர். சக்கரப் பிரிவு மேற்பார்வையாளர். டயர்ப் பிரிவு மேற்பார்வையாளரின் நாற்காலி. சக்கரப் பிரிவு இருக்கும் அறைக்குள் டயர்ப் பிரிவு ஒன்பது ஆண்டுகளாகக் கால் வைப்பதில்லை, ஆனால் நாற்காலி வராவிட்டால் கூட்டம் செல்லாது. அளவுக் கருவிப் பிரிவிலிருந்து ஈய முத்திரை குத்துகிறவர். குறிப்பெழுதும் அம்மா. விண்ணப்பதாரர், தொழில் லேத் வேலை. விண்ணப்பதாரரின் அண்ணன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மேசைமேல் செய்தித்தாள் விரித்துப் படுக்கவைத்த ஒரு துருப்பிடித்த கம்பிச் சக்கரம்.

விவாதப் பொருள்: வாரியத்துக்குச் சொந்தமான நிலத்தில் ஆறு மீட்டர் காணவில்லை.

லேத்காரன் அந்த வரியை மூன்று முறை படித்தான். அவன் மனுப் போட்டது ஒரு பழைய காருக்குச் சக்கரம் மாற்றியதற்கு அனுமதி கேட்டு. நிலத்தைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. குடியிருப்பதே வாடகை வீடு.

"இது நம்ம கேஸ்தானா அண்ணா?"

"வண்டி நம்பர் என்ன போட்டிருக்கு?"

"நம்மளுதுதான்."

"அப்ப நம்ம கேஸ்தான்" என்றார் அண்ணன்.

அந்தக் காருக்கு அறுபது வயது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் தரை எட்டும். வேகத்துக்கென்றே செய்த வண்டி. பதினோரு வருடத்துக்கு முன் அண்ணனும் தம்பியும் அதைப் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தபோது ஓட்டுநர் இருக்கையில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் அதன் அடியில் கிடந்தார்கள். எஞ்சினைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மீந்துபோன திருகைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பிரித்தார்கள்.

"உங்க ரெண்டு பேரையும் முகம் பாத்துப் பேசி வருஷக் கணக்காச்சு" என்பாள் அண்ணி. "காலப் பாத்துத்தான் யாரு புருஷன், யாரு கொழுந்தன்னு தெரிஞ்சுக்கறேன்."

எல்லாம் முடிந்து கடைசியில் மாட்டிக்கொண்டது சக்கரம். காரோடு வந்தவை பதின்மூன்று அங்குலக் கம்பிச் சக்கரங்கள். பாதிக் கம்பிகளைத் துரு தின்றுவிட்டது. அந்த அளவுக்கு டயர் செய்கிறவர்கள் இப்போது யாரும் இல்லை. ஒரு கடையில் இருபது வருடப் பழைய சரக்காக நான்கு கிடைத்தன. கட்டைவிரலால் அழுத்தினால் வெடிப்பு வாயைத் திறந்தது. லேத்காரன் வேறொரு காரிலிருந்து கழற்றிய பதினைந்து அங்குல அலாய் சக்கரங்களைக் கொண்டுவந்தான். போல்ட் துளைகள் ஒத்துவரவில்லை. நான்கு தட்டுகள் கடைந்து இடையில் வைத்தான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் மட்கார்டில் உரசியது. மட்கார்டின் விளிம்பை உள்பக்கமாக மடக்கினான். கார் பழையபடி தாழ்ந்து நிற்காமல் இரண்டு விரற்கடை எழும்பி நின்றது. புதுச் சக்கரத்தின் சுற்றளவு பழையதைவிட நூற்றுக்கு ஆறு கூடுதல். இதை அவன் ஒரு தாளில் தெளிவாக எழுதி, படம் போட்டு, மனுவோடு இணைத்தான். அந்தத் தாளை யாரும் படிக்கவில்லை.

அவசரம் அண்ணனுடைய கண்ணால் வந்தது. கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவை போய்விட்டன, நேர் எதிரே இருப்பது மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரிந்தது. முப்பதாம் தேதியோடு லைசென்ஸ் முடிகிறது, புதுப்பிக்கக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். நாற்பதுக்கு மேல் போகாதபடி கட்டிவைத்த பஸ். தன் இஷ்டத்துக்கு ஒரு திருப்பம்கூடத் திரும்பியதில்லை, எங்கே திரும்புவது என்பதைத் தடம் முடிவு செய்தது. முப்பதாம் தேதிக்குள் ஒரு தடவை அவர் இந்தக் காரை ஓட்டவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மாற்றிய சக்கரத்தோடு தெருவில் இறங்க வாரியத்தின் அனுமதி வேண்டும். லேத்காரன் ஐந்தாம் தேதியே வாரியத்துக்குப் போய்விட்டான். தேவைக்கு மேலேயே நாள் இருக்கிறது என்று நினைத்தான்.

சக்கரப் பிரிவு மேற்பார்வையாளர் காரைப் பார்க்க மறுத்தார்.

"அனுமதி இல்லாம சக்கரம் மாத்தின வண்டிய நான் பாக்கக்கூடாது."

"நீங்க பாத்தாத்தானே சார் அனுமதி?"

"பழைய சக்கரத்த மாட்டிட்டு வாங்க. மாத்தினது சரியா இருக்கான்னு பாத்துச் சொல்றேன்."

"பழசு மாட்டினா மாத்தினது இருக்காதே சார்."

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதண்டாவாதம் பண்ணா வேலை நடக்காது" என்றார்.

இரண்டு நாள் கழித்து, காரை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் பார்க்கச் சம்மதித்தார். ஆனால் டயர் இருக்கக்கூடாது, டயர் மாடியில் இருக்கும் பிரிவைச் சேர்ந்தது. லேத்காரன் டயரைக் கழற்றி மாடிக்கு உருட்டிக்கொண்டு போனான். டயர்ப் பிரிவு மேற்பார்வையாளர் அது காற்றில்லாமல் துவண்டு கிடப்பதைப் பார்த்து வருத்தப்பட்டார்.

"காத்தடிச்சாத்தானே அளக்க முடியும்?"

"காத்து நிக்கணும்னா சக்கரம் வேணுமே சார்."

"சக்கரத்தோட வந்தா அது கீழ் மாடிக் கேஸ்."

குறிப்பெழுதும் அம்மாதான் வழி சொன்னாள். முப்பது வருடமாக அங்கே இருப்பவள், குரலை உயர்த்தவோ தலையை நிமிர்த்தவோ அவசியமில்லாமல் போனவள். "மாடிப்படி பாதியில வளையுது பாருங்க, அங்க டயரோட சேத்து வச்சிடுங்க. அந்த இடம் ரெண்டு பேருக்கும் சேராது." அப்படியே வைத்தான். பதினொரு மணிக்குக் கீழேயிருந்து ஒருவர் ஏறிவந்து இரும்பை மட்டும் பார்த்தார். பதினொன்றரைக்கு மேலேயிருந்து ஒருவர் இறங்கிவந்து ரப்பரை மட்டும் பார்த்தார். இருவரும் 'பார்க்கப்பட்டது' என்று எழுதினார்கள். என்ன பார்க்கப்பட்டது என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

அடுத்தது அளவுக் கருவிப் பிரிவு. கார் எத்தனை தூரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் சரியாக இருக்கிறது என்று முத்திரை வாங்க வேண்டும். முத்திரைக்காரர், லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த காருக்கு அருகில் குனிந்து நின்று மீட்டரை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"வண்டி நிக்குது. மீட்டரும் நிக்குது. ரொம்பச் சரியா இருக்கு" என்று ஈய முத்திரையைக் குத்தினார்.

"ஓட்டிப் பாக்க வேணாமா சார்?"

"ஓட்டினா நம்பர் மாறும். மாறுற நம்பருக்கு நான் எப்பிடிங்க முத்திரை குத்த முடியும்?"

கடைசியாக ஓட்டச் சோதனை. வாரியக் கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவில் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு தார்ப்பாதை. இரண்டு முனையிலும் வெள்ளைக் கோடு. கோட்டுக்குக் கோடு பத்து நடை ஓட்டினால் ஒரு கிலோமீட்டர், மீட்டரும் ஒரு கிலோமீட்டர் காட்ட வேண்டும். லேத்காரன் ஓட்டினான். சக்கரப் பிரிவு மேற்பார்வையாளரும் முத்திரைக்காரரும் குனிந்து பார்த்தார்கள். மீட்டர் தொள்ளாயிரத்து நாற்பது காட்டியது.

"அறுபது மீட்டர் குறையுது" என்றார் மேற்பார்வையாளர்.

"அது அப்பிடித்தான் சார் வரும். சக்கரம் பெருசாச்சுல்ல? பெரிய சக்கரம் கம்மியாத்தான் சுத்தும். மீட்டர் சுத்தறதத்தான் எண்ணுது. தாள்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

மேற்பார்வையாளர் அவனைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சக்கரம் பெருசுன்னு யார் சொன்னது?"

"பாத்தாலே தெரியுதே சார்."

"உங்களுக்குத் தெரியும். வாரியத்துக்கு இன்னும் தெரியாது. அது பெருசா இல்லையான்னு தீர்மானிக்கத்தானே உங்க மனு நிலுவையில இருக்கு? தீர்மானிக்கிற வரைக்கும் சட்டப்படி அது பழைய சக்கரம்தான்."

"சரி சார், அப்ப மீட்டர்தான் தப்பு."

"மீட்டர் தப்பா?" முத்திரைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நேத்துத்தான்யா முத்திரை குத்தினேன்!"

மூவரும் பாதையைப் பார்த்தார்கள். சக்கரம் பழையது, மீட்டர் சரி. மீதி இருப்பது பாதை மட்டுமே. அதற்கு முத்திரையும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

"பத்து நடைக்கு அறுபது" என்றார் மேற்பார்வையாளர் மெதுவாக. "நடைக்கு ஆறு மீட்டர். நம்ம நிலத்துல ஆறு மீட்டரக் காணோம்."

லேத்காரன் ஓடிப்போய்த் தன் பையிலிருந்த டேப்பை எடுத்துவந்து, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து பாதையை அளந்தான். சரியாக நூறு மீட்டர். முத்திரைக்காரர் டேப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை எங்க?"

"கடையில வாங்கின டேப் சார்."

"அதான பாத்தேன்."

கார் சான்றுப் பொருள் ஆயிற்று. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதே' என்று அட்டை தொங்கவிட்டார்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்த அச்சகத்துக்கு, ஆறு மீட்டரை எடுத்தீர்களா என்று கடிதம் போனது. எடுக்கவில்லை என்று அச்சகம் பதில் எழுதியது. எடுத்தவர்கள் எடுத்தேன் என்று எழுதமாட்டார்கள் என்பதால் அந்தப் பதில் சந்தேகத்தைக் கூட்டியது. இழப்பு நடந்தபோது அந்த இடத்தில் இருந்த ஒரே வெளியாள் என்று லேத்காரனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

அண்ணன் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அண்ணியும் கேட்டாள்.

"ஆறு மீட்டர் ரோட்ட எடுத்துட்டு வந்து எங்க வச்சீங்க தம்பி?" என்றாள் அண்ணி. "கட்டிலுக்கடியிலயா? அங்கதான் இன்னும் கார் சாமான் இல்லாம கொஞ்சம் இடம் இருக்கு."

அண்ணன் சுவரில் காலண்டர் இருந்த பக்கம் திரும்பினார். குழாய்க்குள் அது அகப்படும் வரை தலையை அசைத்துத் தேடினார். இருபத்திரண்டு என்றிருந்தது.

முப்பதாம் தேதிக் கூட்டத்தில் தலைவர் எழுந்து நின்றார். சின்ன உருவம், பெரிய குரல்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சு முப்பத்திரெண்டு வருஷமாச்சு. இந்த முப்பத்திரெண்டு வருஷத்துல நாம அனுமதி குடுத்த ஒரு வண்டிகூட விபத்துல மாட்டினதில்ல. ஒண்ணுகூட! எந்த நாட்டுலயாவது இப்பிடி ஒரு சாதனை உண்டா?"

"எத்தன வண்டிக்கு அனுமதி குடுத்திருக்கீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

தலைவர் குறிப்பெழுதும் அம்மாவைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தாமல், "இன்னும் குடுக்க ஆரம்பிக்கல சார்" என்றாள்.

"எண்ணிக்கை முக்கியமில்ல" என்றார் தலைவர். "தரம்தான் முக்கியம். மக்கள் என்ன நினைக்கிறாங்க? வாரியம் வேலையத் தடுக்குதுன்னு நினைக்கிறாங்க. நாங்க எதையும் தடுக்கறதில்ல. நடக்க விடறதில்ல, அவ்வளவுதான். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. ஒருத்தர் சக்கரம் மாத்துவாரு. நாளைக்கு இன்னொருத்தர் ஸ்டியரிங்க மாத்துவாரு. அப்புறம் ஆளாளுக்கு அவங்கவங்க வண்டிய அவங்கவங்க ஓட்ட ஆரம்பிச்சா, வாரியம்னு ஒண்ணு எதுக்கு?"

மேற்பார்வையாளர் மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

"சார்" என்றான் லேத்காரன். எழுந்து நின்றான். "நிலத்த நான் எடுக்கல. எடுத்தேன்னு வேணும்னாலும் எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். எங்க அண்ணனுக்கு இன்னைக்கு ராத்திரியோட லைசென்ஸ் முடியுது. நாளைலேந்து அவரால ஓட்ட முடியாது. கண்ணு போயிட்டிருக்கு. ஒரே ஒரு தடவ தெருவுல ஓட்டிட்டு நானே கொண்டாந்து விட்டுடறேன். அப்புறம் கார நசுக்கினாலும் சரி."

தலைவர் மேசை நாட்குறிப்பைப் புரட்டினார்.

"இத மனுவாக் குடுத்தீங்கன்னா" என்றார் தலைவர், நிஜமான பரிவோடு, "அடுத்த கூட்டத்துல வைக்கலாம். பதினெட்டாம் தேதி."

லேத்காரன் உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதமாக அவனை நிமிர்த்தி வைத்திருந்த ஏதோ ஒன்று முதுகிலிருந்து கழன்றுகொண்டது. இனிமேல் அவன் பேசப்போவதில்லை.

மறு அளவீடு செய்வது என்று தீர்மானித்தார்கள். நிலத்தை அளக்க வாரியத்திடம் முத்திரையுள்ள கருவி ஒன்றுதான் இருந்தது, அது அந்தக் காரின் மீட்டர். அப்படியானால் காரை யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. விண்ணப்பதாரர் சந்தேகத்துக்கு உள்ளானவர், கூடாது. மேற்பார்வையாளருக்கு ஓட்டத் தெரியாது. வாரியத்தில் யாருக்குமே தெரியாது என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

"நான் ஓட்டறேன்" என்றார் அண்ணன். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். லைசென்ஸ் இன்னைக்கு ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் செல்லும்."

"நீங்க இந்தக் கேஸ்ல என்னவா வர்றீங்க?"

"சாட்சி."

"சாட்சி ஓட்டலாம்" என்றார் தலைவர்.

எத்தனை நடை என்று முத்திரைக்காரர் கேட்டார். முன்பு பத்து நடை ஓட்டியதில்தான் வம்பு வந்தது, எண்ணிக்கை போட்டால் மறுபடி வரும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டே உத்தரவைச் சொன்னார், அம்மா எழுதினாள்:

'சாட்சியானவர் மேற்படி வாகனத்தை மேற்படி பாதையில், மீட்டரும் பாதையும் ஒத்துப்போகும் வரையில், நிறுத்தாமல் ஓட்டக் கடவர். இதை மாற்றும் அதிகாரம் அடுத்த கூட்டத்துக்கு மட்டுமே உண்டு.'

மூன்று முத்திரைகள். ஒரு நகல் அண்ணன் கையில். அவர் அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

மதியம் இரண்டு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். அண்ணன் காரின் விளிம்பைக் கையால் தடவியே கதவைக் கண்டுபிடித்து உள்ளே இறங்கினார். பக்கத்தில் முத்திரைக்காரர், மடியில் அட்டையும் தாளும். முதல் நடை பஸ் போலத்தான் போனது. இருபதாவது நடைவரை அப்படித்தான். பாதை நேர்க்கோடு, பக்கத்தில் எதுவும் வராது, குழாய்க்குள் எதிர்முனை வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால் போதும். முனையில் திரும்பும்போது தம்பி மடக்கிய மட்கார்டில் டயர் படவில்லை.

மூன்றரை மணிக்கு முத்திரைக்காரர் தலை சுற்றுகிறது என்று இறங்கிக்கொண்டார். தம்பி ஏறலாமா என்று கேட்டான், கூடாது. நான்கு மணிக்குத் தலைவர் ஜன்னலிலிருந்து ஒருமுறை பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். நாலேமுக்காலுக்கு ஆட்கள் பைகளோடு வெளியேறத் தொடங்கினார்கள். சக்கரப் பிரிவு மேற்பார்வையாளர் முன்வாசல் வழியாகவும் டயர்ப் பிரிவு மேற்பார்வையாளர் வெளிப்புற மாடிப்படி வழியாகவும் போனார்கள். குறிப்பெழுதும் அம்மா மட்டும் பாதையோரம் ஒரு நிமிடம் நின்றாள்.

"வேகத்தப் பத்தி உத்தரவுல ஒண்ணும் எழுதல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணன் காதில் அது விழுந்தது. அடுத்த நடையில் எஞ்சின் சத்தம் மாறியது.

லேத்காரன் பாதை முனையில் நின்றான். அண்ணன் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தபோது கூடவே ஓடினான்.

"அண்ணா, அஞ்சு மணிக்கு மூடறாங்களாம். இறங்குங்க, போலாம்."

"ஒத்துப்போச்சா?"

"எங்க ஒத்துப்போகும்? அது எந்தக் காலத்துலயும் ஒத்துப்போகாது."

"அப்ப எப்பிடிடா எறங்கறது? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

போய்விட்டார். தம்பி மூச்சு வாங்க நின்றான். சாவி பன்னிரண்டு மணிக்கு மேல் அவருக்கு ஆகாது. கார் இந்த மதிலைத் தாண்டி வரப்போவதும் இல்லை, பதினெட்டாம் தேதியும் வராது, அதற்கடுத்த பதினெட்டாம் தேதியும் வராது. அது அவனுக்குத் தெரியும். காற்றில் முடி பறக்க எதிரே வந்துகொண்டிருந்த மனிதருக்கும் தெரியும்.

மறுபடி முனைக்கு வந்தார்.

"அண்ணிக்கு என்ன சொல்றது?"

"டியூட்டில இருக்கேன்னு சொல்லு. கேட்டுப் பழகினவதான்."

காவலாளி சாவிக்கொத்தோடு வந்தார். லேத்காரனின் நுழைவுச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"உங்களுக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் போட்டிருக்கு. கிளம்புங்க."

"அவரு?"

"அவருக்கு உத்தரவு இருக்கே. உங்களுக்கு என்ன இருக்கு?"

"நான் அவர் தம்பி."

காவலாளி சீட்டை முன்னும் பின்னும் திருப்பினார். "அதுக்கு இதுல இடமில்லீங்க."

பெரிய இரும்புக் கேட்டில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. லேத்காரன் குனிந்து தெருவுக்கு வந்தான். பின்னால் எஞ்சின் மூன்றாவது கியருக்கு ஏறும் சத்தம் கேட்டது. பதினோரு வருடத்தில் அந்தச் சத்தத்தை அவன் கேட்டதில்லை. திரும்பிப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் காவலாளி கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, பூட்டை அழுத்தினார்.